உன் தாய்மாமன் குடிகாரன் அல்ல

தம்பி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாய் என்று படித்துச் சொன்னதும் உன் அம்மா அடுப்படியில் நின்றபடியே சாமியைக் கும்பிட்டுக்கொண்டாள். கல்யாணத்துக்கு ஹாஸ்டல் சிநேகிதர்கள் ஆறு பேர் வருகிறார்கள் என்பதும் சந்தோஷமான சங்கதிதான். மதராஸிலிருந்து ரயிலேறி, மதுரையில் இறங்கி, பஸ்ஸில் குலுங்கி, வைகாசி வெயிலில் உத்தமபாளையம் வந்து சேர வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு என்ன தலையெழுத்து? உன் மேல் வைத்திருக்கிற பிரியம்தான். அதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறாய். வாய்க்கால் ஓரத்துத் தோட்ட வீட்டை அவர்களுக்கு மூன்று நாள் ஒழித்துக் கொடுங்கள், பெரியவர்கள் யாரும் அந்தப் பக்கம் வராமல் அவர்கள் பாட்டுக்கு இருக்கட்டும் என்று. அந்த ஒரு வரிக்குப் பதில் எழுத நாலு நாளாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் பத்திரம் எழுதுகிற கை இது. எனக்காக ஒரு பக்கம் எழுத வரமாட்டேன் என்கிறது.

போன பொங்கலுக்கு நீயும் உன் சிநேகிதன் ஒருவனும் சுருளி அருவிக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்தீர்களே, நினைவிருக்கிறதா? இரண்டு பேர் வாயிலும் ஏலக்காய். பேசும்போது ஒரு முழம் தள்ளி நின்று பேசினாய். அம்மா பூரித்துப் போனாள். "பாத்தீகளா, ஒரு பாக்குக்கூடப் போடாத பய, நம்ம மலை ஏலக்காய் ருசி இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்று ஒரு பொட்டலம் கட்டி உன் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். எனக்கு அந்த ஏலக்காய் எதற்கென்று தெரியும். அன்றே உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்க எனக்கு யோக்யதை இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருப்பதில் உன் அப்பனுக்குப் பழக்கம் அதிகம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். தோட்ட வீடு கிடையாது. கோபத்தில் சொல்லவில்லை. உன் சிநேகிதர்கள் நம் வீட்டு மாடியில் தங்கட்டும். கீழே சமையல் புகை வரும், காலையில் உன் அத்தைமார் சத்தத்தில் தூக்கம் கெடும். பரவாயில்லை. நம்மோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும், பந்தலில் வாழைமரம் கட்ட ஆளுக்கு ஒரு கை கொடுக்கட்டும். அவர்கள் கெட்ட பிள்ளைகள் என்று நான் நினைக்கவில்லை. நீயும் கெட்டவன் அல்ல. கள்ளுக்கடையைத் தாண்டித்தான் இத்தனை வருஷமாக நான் தினம் ஆபீசுக்குப் போகிறேன். ஒரு நாளும் உள்ளே எட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை. ஆனால் நான் குடித்திருக்கிறேன் தம்பி. என் கல்யாணத்தன்று, பட்டப்பகலில், கழுத்தில் மாலையோடு குடித்தேன். அதுவும் ஒரு தோட்ட வீட்டில்தான்.

உன் மாமன் சுந்தரத்தைப் பற்றி உனக்கு என்ன சொல்லி வளர்த்தோம்? அம்மாவின் அண்ணன், குடித்துக் கெட்டுப் போனவன், குமுளிக்கு மேலே ஏதோ எஸ்டேட்டில் கிடக்கிறான், அவன் பேச்சு நமக்கு வேண்டாம் என்று. உனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வரவில்லை. வேறு ஒருவர் மடியில் உட்கார வைத்தோம். நீ விடாமல் அழுதாய். காது வலிக்காக அழுகிறாய் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த அழுகை என்னைக் குத்திக் காட்டுவது போல இருந்தது.

சுந்தரமும் நானும் மதுரையில் ஒரே காலேஜ், ஒரே அறை. கூடலூர்க்காரன். சின்ன வயசிலேயே தாய் இல்லாமல் போனதால் தங்கைக்குத் தலை பின்னிவிடக்கூடத் தெரிந்தவன். அவனுடைய அய்யா, அதாவது உன் தாத்தா, கதர் தவிர வேறு உடுத்தாதவர். கூடலூர்க் கள்ளுக்கடை வாசலில் நாள்கணக்கில் மறியல் செய்து, தலையில் அடிபட்டு, அந்தத் தழும்போடு நடமாடியவர். ஒரு விடுமுறைக்கு சுந்தரம் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, எங்க ஆத்தாளக் கட்டிக்கிறியா? நேராக் கேளு, சுத்தி வளைக்காத" என்றான். தங்கையை அவன் ஆத்தா என்றுதான் கூப்பிடுவான். இப்படித்தான் உன் அம்மா எனக்குக் கிடைத்தாள். என் வாழ்க்கையில் நல்லது என்று எதைச் சொன்னாலும் அது அவன் கையிலிருந்து வந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் வரதன் என்று எங்கள் ஹாஸ்டல் சிநேகிதனுக்கு ஒரு கார்டு போட்டேன். மதுரை டவுனில் பெரிய வீட்டுப் பிள்ளை. ஷூ போடுவான், சிகரெட் பிடிப்பான், எல்லாம் தெரிந்தவன் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு. 'கல்யாணத்துக்கு வெறுங்கையோடு வராதே, காலேஜ் கூட்டம் வந்ததென்று தெரிய வேண்டாமா?' என்று எழுதினேன். அவ்வளவுதான். அதுவரை ஒரு சொட்டு நான் குடித்ததில்லை. நானும் லேசுப்பட்டவன் இல்லை என்று அவனுக்குக் காட்ட வேண்டும், அதற்காக எழுதின வரி அது.

உன் தாத்தாவுக்குக் காலேஜ் பிள்ளைகள் என்றால் அத்தனை மரியாதை. வரதனும் இன்னும் இரண்டு பேரும் வந்ததும், ஊருக்கு வெளியே மாந்தோப்பில் இருந்த வீட்டைக் கழுவி, பாய் விரித்து, இளநீர் வெட்டி வைத்து, "படிக்கிற பிள்ளைக, அவுக இஷ்டம் போல இருக்கட்டும், யாரும் அங்கன போயித் தொந்தரவு பண்ணாதீக" என்று உத்தரவே போட்டுவிட்டார். காலையில் தாலி கட்டி முடிந்தது. பெரியவர்கள் பந்தி வேலையில் இருந்தார்கள். சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் தோப்புக்குப் போனேன். வரதன் பெட்டியைத் திறந்து துணிக்கு அடியிலிருந்து பிராந்தி பாட்டிலை எடுத்தான். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வரதனைப் பார்த்தேன். அவன் இளநீரில் கலந்து ஊற்றினான். தொண்டை எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, சிரித்துக்கொண்டே விழுங்கினேன். ஒருவனாவது 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் நாலு பேரும் டம்ளரைக் கீழே வைத்திருப்போம். யார் முதலில் சொல்வது?

அப்போது சுந்தரம் எங்களைப் பந்திக்குக் கூப்பிட வந்தான். பொண்ணு வீட்டுக்காரன், விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறான், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. பாட்டிலைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"வேணாம்டா. எங்கய்யா எந்தக் கடை வாசல்ல நின்னு அடி வாங்குனாகன்னு உனக்குத் தெரியும்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. "இன்னைக்கு ஒரு நாள் மச்சான். ஆத்தா கல்யாணத்துல அண்ணன் சந்தோசமா இல்லாட்டி எப்பிடி? மாப்பிள்ளை குடுக்கிறதை வாங்க மாட்டியா?" என்றேன்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை சொல்லை யார் தட்டுவார்கள்? மூன்று பேர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கஷாயம் குடிப்பது போலக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். "பலே, கூடலூர்ன்னா சும்மாவா!" என்று வரதன் முதுகில் தட்டினான். அந்தத் தட்டுக்காக இன்னொன்று. வெறும் வயிறு என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

பந்தியில் நான் நின்ற இடத்துக்குப் பக்கத்து இலைக்குப் பாயசம் ஊற்ற வந்த சுந்தரம், வாளியோடு அப்படியே சரிந்தான். எழுந்து நிற்கப் பார்த்தான், முடியவில்லை, பந்தலுக்கு நடுவிலேயே வாந்தி எடுத்தான். வாசனை எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எதிர்வரிசையில் கள்ளுக்கடைக் குத்தகைக்காரர் உட்கார்ந்திருந்தார். ஊர்க் கல்யாணம் என்று உன் தாத்தா அவரையும் அழைத்திருந்தார். "கதர் வீட்டுக்குள்ளயே கடை திறந்தாச்சு போலருக்கே!" என்றார் அவர். பந்தலில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

உன் தாத்தா வந்து மகன் முன்னால் நின்றார். கத்தவில்லை. "யாரு கொண்டாந்தது?" என்று மட்டும் கேட்டார். சுந்தரம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நான் வெற்றிலை போட்டிருந்தேன். என் வாயிலும் அதே வாசனைதான், வெற்றிலை அதை மூடியிருந்தது. அவன் என்னைப் பார்த்தது ஒரு மூச்சு நேரம் இருக்கும். அதற்குள் நான் வாயைத் திறந்திருக்கலாம். மணமேடைக்குப் பக்கத்தில் உன் அம்மா நின்றாள். புது மாப்பிள்ளை, அத்தனை பேர், அத்தனை கண். "நான்தான்யா" என்றான் சுந்தரம்.

"என் கண்ணு முன்னால நிக்காத. போயிரு" என்றார் உன் தாத்தா.

போய்விட்டான் தம்பி. சட்டையைக்கூட மாற்றவில்லை. குமுளி ரோட்டில் மலையைப் பார்க்க நடந்து போவதைப் பார்த்ததாக அப்புறம் யாரோ சொன்னார்கள். காலேஜுக்குத் திரும்பி வரவில்லை. வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்தான் என்று ஒரு வருஷம் கழித்துத் தெரிந்தது. உன் தாத்தா இறந்தபோது வந்து கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து நேராக மலைக்கே திரும்பிவிட்டான். அன்றும் நான் எதிரில்தான் நின்றேன், அன்றும் பேசவில்லை.

நீ கேட்கலாம், அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்று. முதல் வாரம் சொல்லியிருந்தால் சண்டையோடு போயிருக்கும். ஒரு வருஷம் ஆனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. நீ பிறந்தாய். 'என் பிள்ளையாவது எங்கண்ணன் மாதிரி ஆகாம இருக்கணும்' என்று உன் அம்மா உன் தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு சொல்லும் தைரியம் அடியோடு போய்விட்டது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திர விஷயமாக மதுரைக்குப் போனபோது வரதனைப் பார்த்தேன். தலை வழுக்கை, நல்ல குடும்பஸ்தன். அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தது. "எனக்கும் அன்னைக்குத்தான் முதல் தடவை. கடையில வாங்கப் பயந்து வேற ஆளை விட்டு வாங்கினேன். உன் கார்டைப் பார்த்துட்டு நீ ரொம்பப் பழக்கப்பட்டவன்னு நினைச்சேன். வாங்கிட்டு வரலைன்னா பட்டிக்காட்டான் முன்னால நான் பட்டிக்காட்டான் ஆயிடுவேனேன்னு கூச்சம்" என்றான். மற்ற இரண்டு பேருக்கும் அதுதான் முதல் தடவையாம். யோசித்துப் பார். ஆசைப்பட்டுக் குடித்தவன் அந்த அறையில் ஒருவன்கூட இல்லை. அடுத்தவன் பழகினவன் என்று ஒவ்வொருவனும் நம்பினோம். கேட்க ஆள் இல்லாத வீடு, இன்றைக்கு ஒரு நாள்தானே என்கிற பேச்சு, முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற சிநேகிதர்கள். இது போதும், கள்ளுக்கடையைத் திரும்பிப் பார்க்காதவனும் குடிப்பான். கடைகளை மூடச் சட்டம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தத் தோப்பு வீட்டுக்குப் பக்கத்தில் கடையே கிடையாது.

உன் ஆறு சிநேகிதர்களிலும் ஒருவன் இருப்பான், மனசுக்குள் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறவன். ஒருவேளை ஆறு பேருமே அப்படி இருக்கலாம். சுருளிக்குப் போன அன்று நீயும் அப்படித்தான் இருந்தாயோ என்னவோ. கல்யாண மாப்பிள்ளை நீ. அன்றைக்கு உன் வார்த்தைக்கு உள்ள பலம் அப்புறம் ஒரு நாளும் இருக்காது. அதை நான் எதற்குச் செலவு செய்தேன் என்று பார்த்தாய் அல்லவா? நீ முதல் ஆளாக வேண்டாம் என்று சொல். கூச்சம் ஒரு நிமிஷம் இருக்கும். அதற்குள் இன்னொருவன், எனக்கும் வேண்டாம் என்பான்.

இவ்வளவையும் உனக்கு எழுதிவிட்டு அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? திங்கட்கிழமை மத்தியானம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். "உங்க அண்ணனுக்கும் ஒண்ணு எடுத்து வை" என்றேன். "அவனுக்கு எதுக்கு? இந்தக் கல்யாணத்தையும் வந்து கெடுக்கவா?" என்றாள். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு எழுதியதிலிருந்து வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றது வரைக்கும். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கை நிற்கவில்லை. ஒரே பத்திரிகைக்கு மேலும் மேலும் மஞ்சள் தடவி அது ஊறிக் கிழிந்துவிட்டது.

"இத்தனை வருசமா எங்கண்ணன நான் குடிகாரன்னு நினைச்சிருக்கேன்" என்றாள். கிழிந்த பத்திரிகையைச் சுருட்டி வைத்துவிட்டு, "என்னய விடுங்க. எங்கய்யா அப்பிடி நினைச்சுக்கிட்டே செத்துப் போனாக. அவுககிட்ட எங்கன போயிச் சொல்லப் போறீக?" என்றாள்.

உன்னிடம் நான் சொல்ல விரும்புவதில் இதுதான் கனமானது. குடித்த போதை சாயங்காலமே தெளிந்துவிட்டது. சொல்லாமல் விட்ட வார்த்தையை ஆள் போன பிறகு சொல்ல இடமில்லை.

மறுநாள் காலையில் எழுந்து பார்க்கிறேன், புதுச் சேலை உடுத்தி, பையில் பத்திரிகையும் வெற்றிலைபாக்கும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். குமுளி பஸ்ஸுக்கு. நானும் வருகிறேன் என்றேன். "நீங்க வர வேணாம். எங்கண்ணன நான் பாத்துக்கிறேன்" என்றாள். வீட்டைத் தாண்டிச் சந்தைக்குத் தனியாகப் போகாத மனுஷி. பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட வாய் எடுத்தேன், அவள் பார்த்த பார்வையில் பேசாமல் வந்துவிட்டேன். இரண்டு நாள் நானே சோறு வடித்தேன். இரண்டு நாளும் குழைந்துபோனது.

இனி எழுதுவது வியாழக்கிழமை. மத்தியான பஸ்ஸில் இரண்டு பேர் இறங்கினார்கள். முன்னால் உன் அம்மா. பின்னால் குடையும் கம்பளிக் கோட்டுமாக ஒல்லியாக ஒரு ஆள், தலை முழுக்க வெள்ளை. என்னைவிட ஒரு வயசுதான் மூத்தவன். நான் வாசலுக்கு ஓடினேன். என்ன சொல்வதென்று மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், ஒன்றுமே வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், தப்புப் பண்ணிட்டேன்" என்றேன்.

அவன் கையை உருவிக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை. "குடிச்சது நான்தான மாப்ள. வாயை யாரும் பிளந்து ஊத்தல. அதை அன்னைக்கே விட்டுட்டேன். உன்னயப் பாத்தேன்ல, அப்ப நீ கீழ கெடந்த பாயசத்தப் பாத்துக்கிட்டு நின்ன. அதுதான் மலை மேல இத்தனை மழையிலயும் கரையல" என்றான். அவ்வளவுதான். மன்னித்துவிட்டான் என்று உனக்கு எழுத எனக்கு உரிமை இல்லை. வந்திருக்கிறான், அது நிஜம். அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மத்தியானத்துக்குப் பிறகு குடித்ததும் இல்லை.

சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறினாள். இரண்டாம் தடவை சோறு போட வந்தபோது அவன் கையைக் குறுக்கே வைத்து "மதி, மதி" என்றான். மலையாளத்தார் நடுவிலேயே காலம் தள்ளிவிட்டானல்லவா, அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. "என்ன மதி? போதும்னு சொல்லக்கூட மறந்துபோச்சாக்கும்?" என்று அதட்டிக்கொண்டே அவன் கைமேலேயே ஒரு கரண்டி சோற்றைப் போட்டாள் உன் அம்மா. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு இரண்டு பேருமே அழுதார்கள். நான் குனிந்து என் சோற்றைத் தின்றேன்.

கல்யாணம் முடியும்வரை இங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். உன் போட்டோவை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் வைத்துப் பார்த்தான். நீ இன்ன நாள் வருகிறாய் என்று எழுதினால் பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் இருவரும் வருவோம். அவனை உனக்கு அடையாளம் தெரியாது, அதனால் சொல்கிறேன். உயரமாக, கம்பளிக் கோட்டோடு நிற்பவன் அவன். இறங்கியதும் நேராக அவனிடம் போ. மாமா என்று கூப்பிடு. முதல் நமஸ்காரம் அவனுக்குச் செய். நான் பக்கத்தில்தான் நிற்பேன், எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா